இடக்கைத் தேய்மானம்

“உனக்குக் கை நடுங்கவே நடுங்காதா?” என்று அண்ணன் ஒருமுறை அவளைக் கேட்டான்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அப்பாவின் சவரக்கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குக் கிளம்பிய அண்ணன் ஒரு காலில் செருப்பை மாட்டியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தியைப் பார்த்துக் கேட்டான். எந்தக் கேள்விக்கும் அவளுக்குச் சட்டென்று பதில் வந்ததில்லை. பதில் தொண்டைக்கு ஏறி வருவதற்குள் கேட்டவர்கள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்கள். ஊமச்சி என்று வீட்டில் பெயர் விழுந்ததே அதனால்தான். அன்றும் அண்ணன் தாண்டிப் போய்விட்டான். கேள்வி மட்டும் குழாயடியில் நின்றது.

அவள் தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய வயதில் அப்பா இறந்தார். வீட்டில் இருந்ததைப் பிரித்தபோது அண்ணன் தாராளமாகத்தான் பேசினான். “உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ,” என்றான். அவள் கட்டிலைக் கேட்கவில்லை, தையல் மிஷினைக் கேட்கவில்லை. “அந்தக் கத்தி,” என்றாள். அண்ணி சிரித்துவிட்டாள்.

“கத்திய வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற? தாடி வளக்கப் போறியா?”

அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள், “தேடிப் பாத்தேன், காணோம். அலமாரியோட போயிருக்கும் போல,” என்றான். அலமாரியைப் பழைய சாமான் எடுப்பவனிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். வாழ்க்கையில் அவள் வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றுதான்; அதையும் இழுப்பறையில் கிடந்த குப்பையோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அதைக்கூட விழுங்கியிருப்பாள். துக்கம் கேட்க வந்த அப்பாவின் நண்பர்களிடம் அண்ணன் சொன்னதைத்தான் விழுங்க முடியவில்லை. “கடைசி வரைக்கும் அப்பாவை ஒரு நாள் முள்ளு முகத்தோட இருக்க விட்டதில்ல நாங்க.” காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் கதவோரம் நின்றிருந்தாள். நாங்க. வந்தவர்கள் அண்ணனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் அவளைப் பார்த்து, சர்க்கரை குறைவாக வேண்டும் என்றார்.

அப்பா வங்கியில் காசாளராக இருந்தவர். நோட்டுக் கட்டைப் பிரித்தால் விசிறி மாதிரி விரியும் என்று பெயர் வாங்கிய விரல்கள், ஐம்பது வயதுக்குள் ஆடத் தொடங்கிவிட்டன. முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டம் விரலிலிருந்து கைக்கும், கையிலிருந்து கழுத்துக்கும் ஏறியது. ஆனால் மனிதருக்கு முகம் வழுவழுவென்று இருந்தாக வேண்டும். அதுவும் அவருடைய அப்பாவிடமிருந்து வந்த அந்த மடக்குக் கத்தியால். சலூனுக்குப் போக மாட்டார், ஆடுகிற தலையை நாலு பேர் பார்க்கக் கூடாது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணனுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருமாம். ஒன்பதாம் வகுப்பு பாதியில் இருந்த அவளிடம் கத்தியைக் கொடுத்தார்கள். “ஒரு வருஷம்தான், அப்பறம் போயிக்கலாம்,” என்றார் அப்பா. சவரம், சட்டைப் பொத்தான், ஸ்பூன் பிடித்துச் சாப்பாடு என்று எல்லாம் முடியும்போது பள்ளியில் இரண்டாவது மணி அடித்திருக்கும். ஒரு வருடம் என்பது ரப்பர் மாதிரி. இழுத்தவர்கள் கையில்தான் நீளம்.

அவள் இடக்கைக்காரி. சாப்பிடும்போது அதற்காக அடி வாங்கியிருக்கிறாள். சவரத்துக்கு மட்டும் அந்தக் கையை யாரும் குறை சொல்லவில்லை. அப்பாவின் தலையைத் தன் விலாவோடு அணைத்து, வலது கையால் தாடையைப் பிடித்துக்கொள்வாள். நடுக்கத்துக்கும் ஒரு தாளம் இருந்தது. வரும், உச்சிக்குப் போகும், தளரும். தளர்கிற இடைவெளியில் கத்தியை ஓட்ட வேண்டும். வரும்போது தூக்கிவிட வேண்டும். கன்னம் சுலபம். மேலுதடு பரவாயில்லை. தொண்டைதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அப்பாவின் கன்னத்தில் முதல் மாதம் விழுந்த கீறல்களும், ஒவ்வொரு கீறலுக்கும் அவள் வாங்கிய வசவும்தான் பாடம்.

இப்போது அவள் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துப் பொத்தான் கட்டுகிறாள். மாடியில் ஒற்றை அறை. விடுமுறை நாள் தவறாமல் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வரிசை, ஆற்றுப் பாலத்தின் கீழ் ஒரு வரிசை, நகரத்தின் மறுகோடியில் கண்ணாடிக் கதவு போட்ட பணக்காரக் கடைகள். போய்க் கேட்பது பல் பிடுங்குவது போல இருந்தது. முதல் சில கடைகளில் கேட்கவே இல்லை. ஓடாத கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு விரலால் கன்னத்தில் மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டப் பழகினாள். “ஓ, ஷேவிங் கத்தியா? வீட்டுக்காரருக்கா?” என்பார்கள். தலையாட்டுவாள். இல்லாத வீட்டுக்காரர் இதற்காவது பயன்பட்டார்.

எந்தக் கடையில் கேட்டாலும் அது ஒரு கப்பல் கேப்டனின் கத்தியாக இருந்தது. இத்தனை கேப்டன்கள் இருந்திருந்தால் கடலில் மீனுக்கு இடம் இருந்திருக்காது. துரு பொரிந்த கத்திகள், விளிம்பில் பல் விழுந்த கத்திகள், இரும்பு ஒன்றும் கைப்பிடி ஒன்றுமாக வேறு வேறு பிணங்களிலிருந்து எடுத்து ஒட்டியவை. கண்ணாடிக் கதவுக் கடைகளில் நீல வெல்வெட்டில் படுக்க வைத்திருப்பார்கள். அவற்றைப் பளபளக்கத் தேய்த்துத் தேய்த்து கூர்மை எங்கோ போயிருக்கும். ஒருமுறை பக்கத்தில் நின்ற தாடிக்கார இளைஞன் ஒருவன் ஒரு கத்தியை விரித்து, விளிம்பு நெடுக விரலை ஓட்டி, “இதுக்கெல்லாம் ஒரு ரசனை வேணும்,” என்று கூட வந்தவளிடம் சொன்னான். குளியலறைச் சுவரில் மாட்டப் போகிறானாம். நல்ல கத்தியாக இருந்தால் அந்த விரல் அப்போதே இரண்டாகியிருக்கும். ரசனை. அவளுக்குக் காதுமடல் சுட்டது. வெளியே வந்து, பேருந்தில் வீடு வரைக்கும் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தயாரித்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் கீழ் வரிசையில் கடைசிக் கடை ஒரு பெண்ணுடையது. பருத்த உடம்பு, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, மடி நிறையப் பூட்டில்லாத சாவிகள். கன்னத்தில் விரல் இழுத்துக் காட்டியதும் அந்த அம்மாள் காலடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினாள்.

“பாத்து எடு. உள்ள நாலஞ்சு கெடக்கு. கேப்டன் கத்தி ஒண்ணும் இல்ல, முன்னாடியே சொல்லிட்டேன்.”

அடியில் கிடந்ததைத் தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடியின் ஆணி ஒருமுறை கழன்றபோது, செம்புக் கம்பித் துண்டு ஒன்றை நுழைத்து இருபக்கமும் கல்லால் நசுக்கி வைத்தவள் அவள்தான். அந்த நசுங்கல் கட்டைவிரலின் கீழ் வந்து உட்கார்ந்தது. விரித்துப் பார்த்தாள். கத்தியின் விளிம்பு கைப்பிடிக்குப் பக்கத்தில் லேசாகக் குழிந்திருந்தது. இடது கையால் தோல்வாரில் இழுத்து இழுத்து, ஒவ்வொரு காலையும் அந்த இடத்தில் சற்றுக் கூடுதலாக அழுத்தியதால் வந்த குழிவு. அவளுடைய பதினான்கு வயதும் பதினைந்தும் இருபதும் முப்பதும் அந்தக் குழியில்தான் தேய்ந்து போயிருந்தன. எழுந்த கோபத்தில் ஒரு நிமிடம் கண் தெரியவில்லை. டின்னில், துருக் கத்திகளோடு, பாலத்தின் கீழ்.

“இது... அலமாரியோட வந்துச்சாக்கா?”

“இல்லியே. தனியா வந்துச்சு. கைக்குட்டையில சுத்தி ஒருத்தர் கொண்டாந்தாரு. நல்ல உத்தியோகத்துல இருக்கிற மாதிரி ஆளு.”

“உங்களுக்கு எப்படி ஞாபகம்?”

“மறக்குமா? கடை போட்ட நாள்லேர்ந்து காசு வேணாம்னு சொன்ன ஒரே பிறவி அந்த மனுஷன்தான். பழைய செருப்பைக் குடுத்துட்டுப் பேரம் பேசுற ஊரு இது. ஏன் சார் வேணாங்கிறீங்கன்னு கேட்டேன். வீட்டுல இருந்தா தங்கச்சி கைல மாட்டிடும், அது நல்லதில்லன்னாரு.” அந்த அம்மாள் நெற்றிப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டினாள். “பாவம், அந்தப் பொண்ணுக்கு இங்க ஏதோ கோளாறு போல. எந்த வீட்டுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சுத்தித் தரவா?”

வேண்டாம் என்று தலையாட்டினாள். காசைக் கொடுத்துவிட்டு, கத்தியை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டே பாலத்தின் மேல் ஏறினாள்.

தொலைத்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அலட்சியம் அவளுக்குப் புதிதில்லை, அதோடு குடித்தனம் நடத்தியே பழகியிருந்தாள். இது அலட்சியம் இல்லை. கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பேருந்து ஏறி, பாலத்தின் கீழ் கடைசிக் கடை வரைக்கும் வந்திருக்கிறான். காசு வேண்டாம் என்றிருக்கிறான். ஏன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காலையில் நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

அன்று பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கியிருந்தது. அவளுடன் படித்தவர்கள் பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சன்னலைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்துக் கை காட்டினாள். அவள் இடக்கையில் கத்தி இருந்தது. அதனால் பதிலுக்குக் காட்ட முடியவில்லை. சோப்பு நுரைக்குள்ளிருந்து அப்பா சொன்னார்: “இதுங்கெல்லாம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுதுங்க? உனக்கென்ன, நிழல்ல நிக்கிற வேலை.” கத்தி அப்போது தொண்டையில் இருந்தது. நடுக்கம் வந்தது, தூக்கினாள். தளர்ந்தது, வைத்தாள். வைத்த இடத்திலேயே கத்தி நின்றுவிட்டது. கீழே போகவும் இல்லை, மேலே வரவும் இல்லை. இரும்பின் அடியில் ஒரு நரம்பு துடிப்பது விரல் வரைக்கும் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால், வாயில் பிரஷ்ஷோடு அண்ணன் நின்றிருந்தான். அந்த நேரத்தில் தான் என்ன நினைத்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் செய்யவில்லை என்பதும் தெரியும். மூச்சை விட்டு, மிச்சத்தை மழித்து, துண்டால் ஒற்றி, பொத்தான் போட்டுவிட்டாள். கத்தி நின்றதை அண்ணன் பார்த்தான். அது திரும்ப ஓடியதைப் பார்க்க நிற்கவில்லை. குளித்துவிட்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, கை நடுங்காதா என்று கேட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனான்.

அந்த வாரம் தையல் கடையில் வேலை ஓய்ந்த நேரங்களில், கத்தரிக்கோல் தீட்டும் கல்லில் கத்தியைத் தீட்டினாள். கடை முதலாளி, “என்ன, துணிய விட்டுட்டு ஆளையே வெட்டப் போறியா?” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்பா இருந்த அதே வீடுதான்.

அண்ணன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை முகம்; தாடையில் நரை முள். அப்பாவின் தாடையேதான். அவள் மேசை மேல் கத்தியை வைத்தாள். அண்ணனின் கண் அதில் விழுந்து, பேப்பருக்குப் போய், திரும்பவும் வந்தது.

“எங்க கிடைச்சது?”

“நீ குடுத்த எடத்துலதான்.”

பேப்பரை நாலாக மடித்தான். அதை இன்னும் ஒருமுறை மடிக்கப் பார்த்தான். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். அன்னிக்கு நான் பாத்தேன், ஊமச்சி. இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல.”

“என்ன பாத்த?”

“உனக்கே தெரியும்.”

“பாத்துட்டு என்ன செஞ்ச?”

அண்ணன் விழித்தான். இவளிடமிருந்து ஒரு கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, இரண்டு வந்துவிட்டன. “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க,” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு ஒட்டவில்லை.

“பாத்துட்டுக் காலேஜுக்குப் போன,” என்றாள் அவள். பாலத்திலிருந்து இந்த வீடு வரைக்கும் ஒரு வாரமாகத் தொண்டைக்கு ஏறி வந்த பதில் அது. இந்தமுறை கேட்டவன் எதிரிலேயே இருந்தான். “மறுநாள் காலைல கத்தி யார் கைல இருந்துச்சு? அதுக்கு மறுநாள்? அப்பா சாகுற வரைக்கும் யார் கைல இருந்துச்சு? அப்பா கழுத்துக்கு ஆபத்துன்னு நினைச்சிருந்தா நீ வாங்கிச் செஞ்சிருக்கணும். என்னை ஸ்கூலுக்குப் போன்னு சொல்லியிருக்கணும். வேலை இருந்த வரைக்கும் உனக்குப் பயம் வரல, அண்ணே. வேலை முடிஞ்சப்புறம்தான் வந்துச்சு.”

“சத்தம் போடாத.”

அவள் சத்தம் போடவில்லை. அவள் குரல் சமையலறையில் தாளிக்கும் ஓசையைக்கூடத் தாண்டியிருக்காது.

அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். “என்ன, பேச்சு பலமா இருக்கு? அட, காணாமப் போன கத்தியா? எங்கதான் இருந்துச்சு?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். வேண்டாம் என்ற பார்வை. நாற்பதைத் தாண்டிய ஒரு ஆண் கண்ணால் கெஞ்சுவதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். அதுவும் அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

“கிடைச்சிருச்சு அண்ணி,” என்றாள். “அண்ணனுக்கு ஒரு ஷேவ் பண்ணி விடலாம்னு வந்தேன். அப்பாவுக்குப் பண்ண மாதிரி.”

“நல்லா பண்ணி விடு. ஞாயித்துக்கிழமை ஆனா கரடி மாதிரிதான் உக்காந்திருக்காரு. உக்காருங்களேன், என்ன முழிக்கிறீங்க? தங்கச்சிதானே, தலையையா எடுத்துடப் போறா?”

அண்ணன் உட்கார்ந்தான். உட்காராவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அண்ணி துண்டையும் கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்கச் சுவரில் சாய்ந்துகொண்டாள். இவள் அண்ணனின் பெல்ட்டை எடுத்து சன்னல் கம்பியில் மாட்டி, இழுத்துப் பிடித்து, கத்தியை மேலும் கீழும் ஓட்டினாள். அந்த ஓசைக்கு அண்ணனின் தோள் ஒவ்வொரு தடவையும் எழும்பித் தாழ்ந்தது. இந்த ஓசையில்தான் அவன் படித்தான், பரீட்சை எழுதினான், வேலைக்குப் போனான், மாப்பிள்ளையானான். ஒருநாள்கூட அது என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தவனில்லை.

நுரையைக் கன்னம் இரண்டிலும் கழுத்திலும் தடவினாள். தலையைத் தன் விலாவோடு சாய்த்து, வலது கையால் தாடையைப் பிடித்தாள். காதோரத்திலிருந்து ஒரே இழுப்பு. நுரையின் நடுவில் சுத்தமாக ஒரு பாதை விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. வலது கன்னம் முழுக்க வழுவழுவென்று ஆனது. “அடேயப்பா, மெஷின் தோத்துது,” என்றாள் அண்ணி. இவள் கத்தியைத் துண்டில் துடைத்து, அண்ணனின் முகவாயை மெல்ல மேலே தூக்கினாள்.

தொண்டையில் கத்தியை வைத்தாள். அண்ணன் நடுங்கினான். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்களில் தொடங்கி அது கழுத்துக்கு ஏறியது. அவளுக்குத் தெரிந்த தாளம். கத்தியைத் தூக்கினாள். தளர்ந்ததும் வைத்தாள். வைத்த இடத்தில் நிறுத்தினாள். இரும்பின் அடியில் ஒரு நரம்பு துடித்தது. எதிர்ச் சுவரில் அப்பாவின் அதே கண்ணாடி. அதில் அண்ணனின் கண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கை கல்லில் செதுக்கியது போல் இருந்தது.

“இப்பக் கேளு, அண்ணே,” என்றாள்.

அவன் கேட்கவில்லை. கத்தி கழுத்திலிருந்து விலகும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளாகத்தான் அதை எடுத்தாள். எடுத்து மடக்கினாள். அந்தச் சிறிய சத்தத்துக்கு அவன் எழுந்துவிட்டான்.

“என்னாச்சு? இன்னும் பாதி முகம் இருக்கே,” என்றாள் அண்ணி. “ஏங்க, எங்க போறீங்க? துடைச்சிட்டாவது போங்க.”

அண்ணன் அண்ணியைப் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. செருப்பு வாசலில்தான் கிடந்தது, அதை மாட்டிக்கொள்ளவில்லை. சன்னல் வழியாக அவள் பார்த்தாள். தோளில் துண்டும், ஒரு கன்னம் வழுவழுப்பும் ஒரு கன்னம் வெள்ளை நுரையுமாக அவன் தெரு நடுவில் போய்க்கொண்டிருந்தான். சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். தெருமுனை சலூன் வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். வெயிலில் நுரை இளகித் தாடையிலிருந்து சட்டைக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக் கை தூக்காமல் அவன் முனையைத் தாண்டிப் போனான்.